ஒரே மூலக்கூறு, இரண்டு விலை

நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இமாட்டினிப். ஒரு வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் நாள் தவறாமல், பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும், சாப்பிட வேண்டிய மருந்து இது. சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் நிறுவனம் 'கிளிவெக்' என்ற பெயரில் இதை இந்தியாவில் விற்றபோது மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாய். அதே இமாட்டினிப்பை, அதே அளவில், இந்திய நிறுவனங்கள் மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தந்தன.

விலை இப்படிப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும்போது நோயாளியின் குடும்பத்துக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. மலிவான மாத்திரையில் ஏதாவது குறைகிறதா? குறையவில்லை என்றால், விலை உயர்ந்த மாத்திரைக்குக் கொடுக்கும் மீதிப் பணம் எதற்காக? முதல் கேள்விக்கு வேதியியலும் உடலியலும் பதில் சொல்கின்றன. இரண்டாவதற்குச் சட்டம் பதில் சொல்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டால், வீட்டில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரையைப் பற்றிக்கூடத் தெளிவாக முடிவெடுக்கலாம்.

அறுபத்தெட்டு அணுக்கள்

1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் கொண்டவர்களின் செல்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்துப்போன ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். மருத்துவர்கள் சுருக்கமாக சி.எம்.எல். என்று சொல்லும் நோய் இது. அந்தக் குரோமோசோம் ஏன் சிறுத்தது என்பதை 1973இல் சிகாகோவின் ஜேனட் ரவுலி கண்டறிந்தார். 9ஆம் குரோமோசோமிலிருந்து ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமிலிருந்து ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன.

ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் ஒன்றாகி, உடலில் இருக்கக்கூடாத ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அது ஒரு கைனேஸ் நொதி. ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்றப் புரதங்களில் ஏற்றுவது கைனேஸின் வேலை. அந்தப் பாஸ்பேட்தான் செல்லுக்கு 'பிரி, பெருகு' என்ற கட்டளை. நல்ல கைனேஸ் தேவைப்படும்போது வேலை செய்து பிறகு ஓய்ந்துவிடும். இந்தக் கைனேஸ் ஓய்வதே இல்லை. அதனால் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன் ஆகியோர், நொதியில் ஏ.டி.பி. வந்து அமரும் பள்ளத்தில் தான் போய் அமர்ந்து அதை முடக்கும் ஒரு மூலக்கூறை, அதாவது இமாட்டினிப்பை, உருவாக்கினார்கள். அமெரிக்காவின் ஓரிகனில் பணியாற்றிய மருத்துவர் பிரையன் டிரக்கர் அதை நோயாளிகளிடம் கொண்டுசெல்ல விடாமுயற்சியோடு பாடுபட்டார். 1998இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. பழைய மருந்தான இன்டர்ஃபெரான் கைவிட்ட நோயாளிகளில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே 10 அன்று அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அதுவரை எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்ய முடியாதவர்களில் பலர் ஐந்தாறு ஆண்டுகளைத் தாண்டவில்லை. இமாட்டினிப்பில் சிகிச்சையைத் தொடங்கியவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

இமாட்டினிப் மூலக்கூறில் 29 கார்பன், 31 ஹைட்ரஜன், 7 நைட்ரஜன், 1 ஆக்சிஜன் என மொத்தம் 68 அணுக்கள். அவை எந்த வரிசையில், எந்தக் கோணத்தில் இணைந்துள்ளன என்பதே அந்த மருந்தின் குணம். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் செய்தாலும் ஹைதராபாத்தில் செய்தாலும், அந்த 68 அணுக்கள் அதே வரிசையில் இருந்தால் நொதியின் பள்ளத்தில் அதே மாதிரிதான் போய் அமரும். அட்டையில் அச்சிட்ட பெயர் நொதிவரை போவதில்லை.

விலையில் எதெல்லாம் அடங்கியிருக்கிறது

மூலக்கூறைத் தொழிற்சாலையில் செய்ய ஆகும் செலவு, புதிய மருந்து ஒன்றின் விலையில் சிறு பகுதிதான். அதைக் கண்டுபிடிக்கும் வழியில் தோற்றுப்போன மற்ற மூலக்கூறுகள், விலங்குச் சோதனைகள், ஆண்டுக்கணக்கில் நடக்கும் மனிதச் சோதனைகள் எல்லாமே பணம் விழுங்குபவை. அந்த முதலீட்டை மீட்க அரசு தரும் பாதுகாப்பே காப்புரிமை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு வேறு எவரும் அந்த மருந்தைச் செய்து விற்க முடியாது. போட்டி இல்லாத சந்தையில் விலையை நிறுவனமே வைக்கிறது. உற்பத்திச் செலவை ஒட்டி விலை இறங்க அங்கே எந்தக் கட்டாயமும் இல்லை.

காப்புரிமை முடிந்ததும் மற்ற நிறுவனங்கள் அதே மூலக்கூறைச் செய்யலாம். அப்படி வருவதே ஜெனரிக் மருந்து. 1984இல் அமெரிக்கா கொண்டுவந்த ஹாட்ச்-வாக்ஸ்மன் சட்டம் இதற்கு ஓர் அறிவியல் அடிப்படையைத் தந்தது. மருந்து பாதுகாப்பானது, பலன் தருவது என்பது முதல் நிறுவனத்தின் சோதனைகளிலேயே நிரூபணமாகிவிட்டது. இரண்டாவது நிறுவனம் அதே சோதனைகளை மீண்டும் நோயாளிகளிடம் நடத்துவது வீண்செலவு, அறத்துக்கும் ஒவ்வாதது. தன் மாத்திரை முதல் மாத்திரையைப் போலவே ரத்தத்தில் சேருகிறது என்று காட்டினால் போதும். இந்த ஒரு விதியால் ஜெனரிக் தொழில் அங்கே பெருகியது. இன்று அமெரிக்கர்கள் வாங்கும் மருந்துச் சீட்டுகளில் பத்தில் ஒன்பது ஜெனரிக் மருந்தால் நிறைவேறுகிறது.

இந்தியாவின் வழி இன்னும் முந்தையது. சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கே 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலக் காப்புரிமைச் சட்டமே நீடித்தது. மருந்துச் சந்தையில் வெளிநாட்டு நிறுவனங்கள் கோலோச்சின. அந்தச் சட்டத்தை ஆராயும் பொறுப்பு, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959இல் அவர் தந்த அறிக்கைதான் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் அடித்தளம். அந்தச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தர மறுத்தது. அதைச் செய்யும் முறைக்கு மட்டும், அதுவும் குறுகிய காலத்துக்கு, உரிமை தந்தது. வேறு வேதி வழியில் அதே மருந்தைச் செய்வது சட்டப்படி சரியானது. இந்திய வேதியியலாளர்கள் மாற்று வழிகளைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்தார்கள். அந்தத் தேர்ச்சியின் பலனை 2001இல் உலகம் கண்டது. மேலை நாடுகளில் ஓர் எய்ட்ஸ் நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன மூன்று மருந்துக் கூட்டை, சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது.

சென்னையில் தொடங்கிய வழக்கு

உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததன் விளைவாக, 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தர இந்தியா கடமைப்பட்டது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு காவலையும் சேர்த்தது. அதுதான் 3(டி) பிரிவு. ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவத்துக்கு, அந்தப் பொருளின் அறியப்பட்ட செயல்திறனைக் கூட்டினால் மட்டுமே காப்புரிமை உண்டு என்றது அந்தப் பிரிவு. உப்பு, எஸ்டர், வேறு படிக வடிவம் என்று உருமாற்றி, ஒரே மருந்துக்கு 20 ஆண்டு முடிந்ததும் இன்னொரு 20 ஆண்டு பெறும் வழக்கத்துக்கு இது தடை.

கிளிவெக் சரியாக இந்த இடத்தில் வந்து நின்றது. 1998இல் நோவார்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது மூல இமாட்டினிப்புக்கு அல்ல. இமாட்டினிப் மெசைலேட் என்ற உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு. மூலக்கூறுக்கான காப்புரிமையை அது வேறு நாடுகளில் முன்பே பெற்றிருந்தது.

படிக வடிவம் என்றால் என்ன? பென்சில் கரியும் வைரமும் கார்பன்தான். அணுக்கள் அடுக்கப்பட்ட முறை மட்டும் வேறு. மருந்து மூலக்கூறுகளும் அப்படிப் பல விதமாக அடுக்கிக்கொள்ளும். பீட்டா படிகம் ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும், தொழிற்சாலையில் தூளாக எளிதில் வழியும், நிலையாக இருக்கும். மாத்திரை செய்பவருக்கு இவை பெரிய வசதிகள். ஆனால் வயிற்றில் கரைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுகிறது. நொதியைச் சென்றடைவது அதே மூலக்கூறுதான்.

விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோதே, 2003 நவம்பரில் நோவார்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. நீதிமன்றத் தடையால் சில இந்திய நிறுவனங்கள் தங்கள் இமாட்டினிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கமும் இந்திய நிறுவனங்களும் காப்புரிமைக்கு எதிர்ப்பு மனு கொடுத்தன. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நோவார்டிஸ் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று வாதிட்டது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று, நீதிபதிகள் அப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அமர்ந்த உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது: காப்புரிமை இல்லை.

அந்தத் தீர்ப்பின் அறிவியல் பகுதி ஊன்றிப் படிக்கத் தகுந்தது. நோவார்டிஸ் முன்வைத்த முக்கியச் சான்று, எலிகளில் செய்த சோதனை ஒன்றில் பீட்டா படிகம் மூல இமாட்டினிப்பைவிட 30 சதவீதம் கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்தது என்பது. மருந்து விஷயத்தில் செயல்திறன் என்றால் நோயைக் குணமாக்கும் திறன்தான் என்றது நீதிமன்றம். தூள் நன்றாக வழிவதும் ஈரம் உறிஞ்சாததும் அந்தத் திறனில் சேராது. ரத்தத்தில் அதிகம் சேர்வது நோயாளிக்குக் கூடுதல் பலனாக மாறுகிறது என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நோவார்டிஸ் ஒரு நன்கொடைத் திட்டத்தின் வழியே இந்தியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கிளிவெக்கை இலவசமாகத் தந்தது. அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் நன்கொடை நிறுவனத்தின் விருப்பத்தில் நிற்பது; கடையில் வாங்கக்கூடிய விலை எவருடைய விருப்பத்தையும் சாராதது. இந்தியாவுக்கு மாறாக, அமெரிக்காவில் பீட்டா படிகக் காப்புரிமை வழங்கப்பட்டது. மூலக்கூறின் காப்புரிமை 2015இல் முடிய, படிகத்தின் காப்புரிமை 2019 வரை நீண்டது. நிறுவனங்களுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டால்தான் முதல் ஜெனரிக் 2016 பிப்ரவரியில் அங்கே கடைக்கு வந்தது. அதற்குள் அங்கே கிளிவெக்கின் விலை அறிமுக விலையைப் போல் இரு மடங்கைத் தாண்டிவிட்டிருந்தது. 2013இல் உலகெங்கும் சி.எம்.எல். நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் சேர்ந்து, இந்த மருந்துகளின் விலை அறத்துக்குப் பொருந்தாதது என்று வெளிப்படையாக எழுதினார்கள்.

இரண்டும் ஒன்றா என்று ரத்தத்தைக் கேட்பது

மூலக்கூறு ஒன்றே என்பது பாதி உண்மை. மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. மாவுப்பொருள், பிணைப்புப் பொருள், மேற்பூச்சு, நிறமி எனத் துணைப்பொருள்கள் உண்டு. அவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாத்திரை எவ்வளவு நேரத்தில் உடைகிறது, மருந்து எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்பதை அவையே தீர்மானிக்கின்றன. கரையாத மருந்து ரத்தத்துக்குப் போகாது. ரத்தத்துக்குப் போகாதது நோய்க்கும் போகாது.

இதைச் சோதிப்பதுதான் பயோஈக்விவலன்ஸ் சோதனை. வழக்கமாக இரண்டு டஜன் ஆரோக்கியமான தன்னார்வலர்கள் போதும். பாதிப் பேருக்கு முதலில் மூலமருந்து, மீதிப் பேருக்கு ஜெனரிக். உடலிலிருந்து மருந்து முழுவதும் நீங்க இடைவெளி விட்டு, பிறகு இரு குழுவினரும் மருந்தை மாற்றிக்கொள்வார்கள். இப்படி ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு ஆகிறார். மாத்திரை விழுங்கிய பிறகு குறித்த நேரங்களில் ரத்தம் எடுத்து மருந்தின் அளவை அளக்கிறார்கள். அந்த அளவுகளை வரைபடமாக்கினால் ஏறி இறங்கும் ஒரு கோடு வரும். அதன் உச்சி, மருந்து எட்டிய அதிகபட்ச அளவு. கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, மொத்தமாக உடலுக்குச் சேர்ந்த அளவு. இந்த இரண்டும் மூலமருந்தோடு ஒத்துப்போக வேண்டும்.

எவ்வளவு ஒத்துப்போக வேண்டும்? ஜெனரிக்குக்கும் மூலமருந்துக்குமான விகிதத்தின் 90 சதவீத நம்பக எல்லை முழுவதும் 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. இதை அரைகுறையாகக் கேட்டவர்கள், ஜெனரிக் மாத்திரையில் 20 சதவீதம் மருந்து குறைந்திருக்கலாம் என்று பரப்பிவிட்டார்கள். அது தவறு. மாத்திரைக்குள் இருக்க வேண்டிய மருந்தின் அளவுக்கு வேறு விதி இருக்கிறது. அது இரு தரப்புக்கும் பொதுவானது, மிகக் கண்டிப்பானது. 80, 125 என்ற எண்கள் புள்ளியியல் எல்லைகள். ஒவ்வொருவர் உடலும் வேறாக இருப்பதால் அளவுகள் சிதறும். அந்தச் சிதறலையும் கணக்கில் கொண்ட நம்பக எல்லை முழுவதும் இந்த எண்களுக்குள் நிற்க வேண்டுமானால், சராசரி 100ஐ ஒட்டி இருந்தாக வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 12 ஆண்டுகளில் தன்னிடம் வந்த 2,070 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. மொத்தச் சேர்மானத்தில் ஜெனரிக்குக்கும் மூலமருந்துக்கும் இருந்த சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம். உச்ச அளவில் சுமார் 4.4 சதவீதம்.

சோதனை தவறினால்

1968இல் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கு ஃபெனிடோயின் சாப்பிட்டு வந்தவர்களில் பலருக்குத் திடீரென நடை தள்ளாடியது, நச்சுக்குறிகள் தோன்றின. மருந்தின் அளவில் மாற்றமில்லை. நிறுவனம் காப்ஸ்யூலில் நிரப்பும் துணைப்பொருளை மட்டும் கால்சியம் சல்பேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றியிருந்தது. கால்சியம் சல்பேட் மருந்து ரத்தத்தில் சேர்வதை ஓரளவு தடுத்து வைத்திருந்தது. லாக்டோஸ் வந்ததும் அந்தத் தடை நீங்கி, ரத்தத்தில் மருந்து எல்லை மீறியது. துணைப்பொருள் சாதாரண விஷயமல்ல என்று உலகம் கற்ற பாடம் இது.

இன்னொரு பாடம் அமெரிக்காவில் கிடைத்தது. மனச்சோர்வுக்கான புப்ரோபியான் மருந்தின் ஒரு ஜெனரிக் வகை, மெதுவாகக் கரையும் 300 மில்லிகிராம் மாத்திரை, 2006இல் அனுமதி பெற்றது. சோதிக்கப்பட்டதோ 150 மில்லிகிராம் மாத்திரை. அதன் முடிவை வைத்தே 300க்கும் அனுமதி கிடைத்தது. மாத்திரை மாறிய நோயாளிகள் பலனில்லை என்று முறையிட்டார்கள். கட்டுப்பாட்டுத் துறை தானே சோதனை நடத்தியபோது, ரத்தத்தில் அதன் உச்ச அளவு மூலமருந்தின் முக்கால் பங்கையே எட்டியது தெரிந்தது. 2012இல் அந்த மாத்திரை திரும்பப் பெறப்பட்டது. நோயாளிகள் சொன்னது சரி. சோதிக்காமல் விட்டது தவறு.

நேர்மை தவறிய நிகழ்வும் உண்டு. 2013 மே மாதம், இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்ஸியின் அமெரிக்கப் பிரிவு, தரக்குறைவான மருந்தை விற்றதையும் பொய்த் தகவல் தந்ததையும் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 50 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது.

இந்த மூன்றிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. மருந்தின் தரத்தைக் காப்பது சோதனையும் கண்காணிப்பும். பெயரோ விலையோ அந்த வேலையைச் செய்வதில்லை. விலை உயர்ந்த மாத்திரையும் சோதனைக்கு உட்பட வேண்டும்; மலிவான மாத்திரையும் உட்பட வேண்டும். இரண்டும் தேறினால் இரண்டும் சமம்.

நம் ஊர்க் கடையில்

இந்தியாவில் ஒரு விசித்திரம் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கும் மாத்திரைகளில் மிகப் பெரும்பாலானவை ஏற்கெனவே ஜெனரிக்தான். காப்புரிமை என்றோ முடிந்த மூலக்கூறுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்து விற்கிறது. பாராசிட்டமால் ஒன்றுக்கே எத்தனை பெயர்கள்! ஆகவே நம் ஊரில் கேள்வி, மூலமருந்தா ஜெனரிக்கா என்பதைவிட, எந்த நிறுவனத்தின் ஜெனரிக், என்ன விலைக்கு என்பதே.

மருத்துவர் பெயர் குறிப்பிட்டு எழுதிய சீட்டுக்கு, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலில் உள்ள மருந்தாக இருந்தால், கடைக்காரர் வேறு நிறுவனத்தின் மருந்தை மாற்றிக் கொடுக்க விதி அனுமதிப்பதில்லை. ஆகவே மலிவான மாற்று வேண்டுமானால் அதைக் கேட்க வேண்டிய இடம் மருத்துவரின் மேசை. மருத்துவர்கள் பொதுப்பெயரில், தெளிவான எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இதை இன்னும் கடுமையாக்கி, மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதம் நிறுத்திவைத்தது. மலிவு மருந்தின் தரத்துக்கு யார் பொறுப்பு என்ற மருத்துவர்களின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. எளிதில் கரையாத மருந்துகளுக்குப் பயோஈக்விவலன்ஸ் சோதனை கட்டாயம் என்ற விதியே இங்கே 2017இல்தான் வந்தது.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிடம் ஒரு நல்ல விடை இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளைப் பொதுப்பெயரிலேயே மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. வந்த மருந்தின் மாதிரிகளை நிறுவனப் பெயர் தெரியாதபடி ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. தேறினால்தான் மருந்து கிடங்கிலிருந்து மருத்துவமனைக்குப் போகும். தவறிய நிறுவனத்தைக் கறுப்புப் பட்டியலில் வைக்கிறது. இந்த முறையைக் கேரளமும் ராஜஸ்தானும் பின்பற்றின. 'ஜி.எச். மாத்திரைதானே' என்று இளப்பமாகப் பேசுபவர்கள், அந்த மாத்திரை இத்தனை படிகளைத் தாண்டி வந்தது என்பதை அறிய வேண்டும்.

வெளியில் வாங்குபவர்களுக்கு, 2008இல் மத்திய அரசு தொடங்கிய மக்கள் மருந்தகங்கள் நாடெங்கும் உள்ளன. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு போன்ற நீண்டகால நோய்களுக்கான மாத்திரைகள் இவற்றில் சந்தை விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. தனியார் கடையில் 'ஜெனரிக்' என்று வாங்கும்போது மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலை உயரமாகவும், கடைக்காரர் வாங்கிய விலை மிகத் தாழ்வாகவும் இருப்பது உண்டு. அந்த இடைவெளி முழுவதும் கடைக்கே போனால் நோயாளிக்கு ஜெனரிக்கால் லாபமில்லை.

நோயாளி செய்ய வேண்டியவை

முதலில், நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெல்மிசார்டன் 40 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் என்பதுபோல. அட்டையில் வணிகப் பெயருக்கு அருகில் அது அச்சிடப்பட்டிருக்கும்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்றால் மெதுவாகக் கரையும் மாத்திரை. அதற்குப் பதில் சாதாரண மாத்திரையை வாங்கக்கூடாது. ஏ.எம்., ஹெச் போன்ற எழுத்துகள் இருந்தால் இரண்டாவது மருந்து ஒன்று சேர்ந்திருக்கிறது என்று பொருள். மாற்று மாத்திரையிலும் அதே மருந்துகள், அதே அளவில், அதே வகையில் இருக்க வேண்டும்.

சில மருந்துகளில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின்; ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின்; தைராய்டுக்கான லெவோதைராக்சின்; மனநோய்க்கான லித்தியம்; சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடும் டேக்ரோலிமஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றை ஜெனரிக்காக வாங்கலாம். ஆனால் மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றக்கூடாது. மாற்ற நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லி, தேவையான ரத்தப் பரிசோதனையோடு மாற்றுங்கள்.

காப்புரிமை நீடிக்கும் புதிய மருந்து என்றால், ஜெனரிக் கிடைக்காது. அப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதே நோய்க்கு, இதே பலன் தரும் பழைய மருந்து உண்டா? பல நேரங்களில் உண்டு. இல்லாதபோது சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான சோராஃபெனிப்பை பேயர் நிறுவனம் மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர், காப்புரிமை பெற்றவரின் சம்மதம் இல்லாமலே மருந்தைச் செய்ய அனுமதிக்கும் கட்டாய உரிமம் வழங்க, நாட்கோ நிறுவனம் அதை மாதம் 8,880 ரூபாய்க்குத் தந்தது. பேயருக்கு உரிமத் தொகையும் போனது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். விலை தாங்காமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுபவர்களுக்கு, எவ்வளவு உயர்ந்த பெயரும் பலன் தராது. சி.எம்.எல். நோயில் மருந்து விட்டுவிட்டுப் போனால் நோய் மீண்டும் தலைதூக்குகிறது. தினமும் தவறாமல் சாப்பிடக்கூடிய விலையில் கிடைப்பதும் மருந்தின் குணங்களில் ஒன்று.

மருத்துவரிடம் விலையைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். 'இதைப் பொதுப்பெயரில் எழுதித் தர முடியுமா டாக்டர்?' என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். கடையில் விற்கும் ஒவ்வொரு மாத்திரையும் எந்தச் சோதனையில் தேறியது, எந்தத் தொகுப்பு தவறியது என்ற விவரம் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். அது கிடைத்தால் மருத்துவர் தயங்காமல் பொதுப்பெயரை எழுதுவார். நோயாளி அச்சமில்லாமல் மலிவானதை வாங்குவார். சோதனையில் தேறிய மலிவு மருந்து, முழு மருந்து.